கார்டில் வாங்கிய பணத்தை வங்கி திரும்பப் பிடித்தால்: சிறு வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

ஸ்வைப் மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர், வாட்ஸ்அப்பில் பேமென்ட் லிங்க் அனுப்பிப் புடவை விற்பவர், நாலு அறை வைத்து விடுதி நடத்துபவர் என யாருக்கும் ஒருநாள் 'டிஸ்ப்யூட் வந்திருக்கிறது, ஆவணம் அனுப்பவும்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். டிஸ்ப்யூட் என்றால், கார்டில் போன பணத்தைப் பற்றி வாடிக்கையாளர் தன் வங்கியிடம் கொடுக்கும் புகார். பாதிப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்டால் என்ன ஆகும், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம். இந்தியாவில் உள்ள சின்ன வியாபாரிகளை மனதில் வைத்து எழுதியது.

பணம் என் கணக்குக்கு வந்து செலவும் ஆகிவிட்டது. அப்புறம் எப்படித் திரும்பப் பிடிக்க முடியும்?

முடியும். ஸ்லிப் வந்தது என்றால் கார்டு கொடுத்த வங்கி அந்த நிமிஷத்தில் அந்தத் தொகைக்குச் சம்மதித்தது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் பிறகு தன் வங்கியிடம் புகார் கொடுத்தால், அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று எந்த நெட்வொர்க்கோ அதன் வழியாக உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கியிடம் பணத்தைக் கேட்கும். உங்கள் வங்கி கையிலிருந்து கொடுக்காது. உங்கள் கரண்ட் அக்கவுண்டிலிருந்தோ அடுத்த நாள் உங்களுக்குத் தர வேண்டிய கார்டு வசூலிலிருந்தோ (செட்டில்மென்ட்) பிடித்துக்கொள்ளும். இதுதான் சார்ஜ்பேக். மெஷின் வாங்கும்போது பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, அதில் இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருப்பீர்கள். அதன் நகல் கையில் இல்லையென்றால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள், தகராறு வந்த பிறகு கேட்டால் கிடைக்க நேரம் ஆகும்.

'இதை நான் செய்யவே இல்லை' என்று கார்டுக்காரர் சொன்னால் நஷ்டம் யாருக்கு?

கார்டு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது. கடையில் சிப்பைச் செருகி, அவரே பின் நம்பர் போட்டிருந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பஞ்சாயத்து அவருக்கும் அவர் வங்கிக்கும் நடுவில் உள்ளது. தட்டிவிட்டுப் போகும் கார்டுகளில் 5,000 ரூபாய் வரை பின் தேவையில்லை. 2021 ஜனவரியில்தான் இந்த வரம்பு 2,000-லிருந்து ஏறியது. அதிலும் சிப் படிக்கப்பட்டிருப்பதால் மோசடி என்று வந்தால் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிதான் தாங்கும். ஆன்லைனில் ஓடிபி போட்டு முடிந்த பணமும் பெரும்பாலும் இப்படியே.

மாட்டிக்கொள்வது எப்போது? சிப் உள்ள கார்டைச் சிப் படிக்காத பழைய மெஷினில் காந்தப்பட்டையை வைத்துத் தேய்த்தால், கார்டு நம்பரைக் கையால் அடித்தால், ஓடிபி கேட்காமலே பணம் போயிருந்தால். இந்த மூன்றிலும் பொறுப்பு உங்கள் பக்கம் சாயும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி வாடிக்கையாளர் 3 நாளில் சொன்னால் அவருக்கு நஷ்டமே இல்லையாமே? அப்படியென்றால் அந்த நஷ்டம் என் தலையிலா?

அப்படி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல கடைக்காரர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்கும் அவர் வங்கிக்கும் இடையில் யார் எவ்வளவு தாங்குவது என்று சொன்னது. வாடிக்கையாளர் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல் மூன்றாவது ஆள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்குப் பொறுப்பு இல்லை, 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து 5,000, 10,000 அல்லது 25,000 ரூபாய் வரை, அதற்கும் மேல் போனால் அந்த வங்கியின் கொள்கைப்படி. இதில் கடைக்காரரைப் பற்றிப் பேச்சே இல்லை. வங்கி வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்த பிறகு, அதை உங்களிடம் வசூலிக்க முடியுமா என்பதை நெட்வொர்க் விதிகளும் உங்கள் ஒப்பந்தமும்தான் முடிவு செய்கின்றன. 'ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, பணத்தைக் கொடுங்கள்' என்று யாராவது போனில் மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு கார்டில் ஆர்டர் வருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இங்கேதான் அதிகம் கை சுடும். இந்தியாவில் கொடுத்த கார்டுக்கு ஆன்லைனில் ஓடிபி மாதிரி இரண்டாவது சோதனை 2009-லிருந்தே கட்டாயம் என்பதால், எந்த கார்டாக இருந்தாலும் சோதனை நடந்திருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். அமெரிக்காவிலோ கனடாவிலோ கொடுத்த கார்டு இந்த விதிக்குள் வராது. நம்பர், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் இருந்தால் போதும், பணம் போய்விடும்.

காஞ்சிபுரத்துப் பட்டு விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள், 38,000 ரூபாய்ப் புடவை, லிங்க் அனுப்பியதும் பணம் வந்துவிட்டது, மறுநாள் கூரியரும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து கார்டின் உண்மையான சொந்தக்காரர், வேறு ஊர்க்காரர், தன் வங்கியில் புகார் செய்கிறார். புடவையும் போச்சு, பணமும் போச்சு, கூரியர் செலவும் போச்சு, போதாததற்கு டிஸ்ப்யூட் கட்டணம் என்று கேட்வே, அதாவது பேமென்ட் லிங்க் வசதி தரும் நிறுவனம், தனியாக ஒரு தொகை பிடிக்கும். கூரியர் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் பொருள் போய்ச் சேர்ந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. கார்டுக்காரர் வாங்கினாரா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரே நல்ல பாதுகாப்பு 3டி செக்யூர் என்ற சோதனை. கார்டு கொடுத்த வங்கியே வாங்குபவரைச் சரிபார்த்து விட்டால், மோசடிப் பொறுப்பு பொதுவாக அந்த வங்கிக்கு மாறிவிடும். உங்கள் கேட்வேயிடம் 'வெளிநாட்டு கார்டுகளுக்கு 3டி செக்யூர் நடக்காத பணத்தை நிராகரிக்க முடியுமா' என்று நேராகக் கேளுங்கள். சில ஆர்டர்கள் கைநழுவும். 38,000 ரூபாய்ப் பொருளை இழப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் சில. மூன்று நான்கு கார்டு தோற்று ஐந்தாவது வேலை செய்வது. கார்டு ஒரு நாடு, அனுப்பும் முகவரி இன்னொரு நாடு. விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் 'உடனே அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்துவது (நம் ஊர் ஆள் புடவைக்குப் பேரம் பேசாமல் இருப்பாரா?). எல்லாவற்றையும் விட மோசம், 'என் கார்டில் கூடுதலாக இரண்டு லட்சம் எடுத்துக்கொண்டு, மீதியை என் டிராவல் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்' என்று கேட்பது. விடுதிக்காரர்களுக்கும் கேட்டரிங் செய்பவர்களுக்கும் இந்தக் கதை அடிக்கடி வரும். கார்டு திருட்டுக் கார்டு, ஏஜெண்ட் அவர்கள் ஆள். அந்த மீதிப் பணத்தை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே அனுப்பியதால் அதைத் திரும்ப வாங்க வழியும் கிடையாது.

பின் போட்டு வாங்கியிருக்கிறார், கையில் பொருளும் இருக்கிறது. 'சரியில்லை' என்று சொல்லி டிஸ்ப்யூட் போட முடியுமா?

போடலாம். பின்னும் ஓடிபியும் 'நான் செய்யவில்லை' என்பதற்கு மட்டும்தான் பதில். 'பொருள் வரவில்லை', 'சொன்னது வேறு கொடுத்தது வேறு', 'ரத்து செய்தேன், ரீஃபண்ட் வரவில்லை' என்பவை வேறு வகை. டிஸ்ப்யூட் மின்னஞ்சலில் ஒரு காரண எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். விசாவில் 10-ல் தொடங்கினால் மோசடிப் புகார், 12 என்றால் இரட்டைப் பிடித்தம் மாதிரி செயல்பாட்டுப் பிழை, 13 என்றால் பொருள் அல்லது சேவை பற்றிய குறை. மாஸ்டர்கார்டில் 4837 மோசடி, 4853 வாடிக்கையாளர் குறை. 13.1-க்கு, அதாவது பொருள் வரவில்லை என்ற புகாருக்கு, பின் போட்ட ஸ்லிப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஜெயித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தால் தோற்பீர்கள். அதற்குக் கையெழுத்து வாங்கிய டெலிவரி ரசீது வேண்டும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறேனே?

பழுதான பொருளுக்கு அந்த வரி உதவாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. நிறம் பிடிக்கவில்லை, மனது மாறிவிட்டது என்பது வேறு கதை. அங்கே உங்கள் நிபந்தனை நிற்கும், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். விடுதி முன்பதிவுக்கும் இதே கணக்குதான். 'ரத்து செய்தால் முன்பணம் கிடையாது' என்பதை அவர் வந்து இறங்கிய பிறகு வரவேற்பு மேஜையில் காட்டினால் செல்லாது. பேமென்ட் லிங்க் அனுப்பும் அதே செய்தியில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்கிய பிறகு லிங்க்கை அனுப்புங்கள்.

என்னென்ன ஆதாரம் வைத்திருக்க வேண்டும்?

ஒரு ஸ்லிப்பை எடுத்துக் கூர்ந்து பாருங்கள். டெர்மினல் எண், பேட்ச் எண், அப்ரூவல் கோடு, அந்தப் பரிவர்த்தனையைத் தேடிப் பிடிக்க உதவும் 12 இலக்க எண் (ஆர்ஆர்என்), கார்டின் கடைசி நான்கு இலக்கம், சிப்பா தட்டலா தேய்த்ததா என்ற குறிப்பு, பின் சரிபார்க்கப்பட்டது என்ற வரி, இத்தனையும் அந்தச் சின்னக் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அது தெர்மல் காகிதம். கல்லாப்பெட்டிக்குள் நம் ஊர் வெயிலில் சில மாதம் கிடந்தால் எழுத்து மங்கிவிடும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். டிஸ்ப்யூட் வரும்போது வெள்ளைத் தாள்தான் மிஞ்சியிருக்கும். அதனால் தினமும் கடை சாத்தும் முன் பெரிய தொகை ஸ்லிப்புகளைப் போனில் படம் எடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். ஸ்லிப்பின் மேல் பில் நம்பரையும் பேனாவால் எழுதுங்கள். பில்லில் உள்ள தொகையும் ஸ்லிப்பில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். 'பாதி கார்டு, பாதி ரொக்கம்' என்றால் பில்லில் அப்படியே பிரித்து எழுதுங்கள்.

கூரியரில் அனுப்பினால் டிராக்கிங் எண் மட்டும் போதாது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்ற டெலிவரி சான்று வேண்டும், அதைக் கூரியர் கம்பெனி ரொம்ப நாள் வைத்திருக்காது. வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். 'புடவை வந்துடுச்சு, சூப்பர்' என்று அவர் அனுப்பிய ஒரு வரி பல பக்க விளக்கத்தை விட மதிப்பு.

எத்தனை நாள் கழித்து வரைக்கும் டிஸ்ப்யூட் வரலாம்?

விசா, மாஸ்டர்கார்டில் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள். ஆனால் பொருளோ சேவையோ பிறகு தருவதாக இருந்தால், தர வேண்டிய தேதியிலிருந்து அந்த 120 நாள் எண்ணப்படும். கல்யாண மண்டபம், டூர் ஏற்பாடு செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ஜனவரியில் முன்பணம் வாங்கி, நவம்பரில் கல்யாணம் என்றால் அடுத்த வருஷம் வரை கதவு திறந்தே இருக்கிறது.

உங்களுக்குப் பதில் சொல்லக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நெட்வொர்க் தரும் நாட்களில் வங்கியும் கேட்வேயும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு உங்களுக்குச் சில நாட்கள்தான் விடும். பதில் இல்லையென்றால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி மெஷின் போட வந்த ஏஜெண்ட் தானே உருவாக்கிக் கொடுத்த ஏதோ ஒன்றாக இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

வாடிக்கையாளருக்குப் பணம் போனதாக மெசேஜ் வந்தது, என் மெஷினில் ஸ்லிப் வரவில்லை. பொருளைக் கொடுக்கலாமா?

ஸ்லிப் வரவில்லை என்றால் கொடுக்காதீர்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கணக்கில் பிடித்தும் கடைக்கு உறுதி வராத பணத்தை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். கடையில் கூட்டமாக இருக்கும்போது இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், அவர் ஏமாற்றுக்காரரைப் பார்ப்பது போலத்தான் உங்களைப் பார்ப்பார். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்த்து, தோற்றது என்றால் அந்த ஸ்லிப்பையே அச்சடித்து அவர் கையில் கொடுங்கள், கோபம் பாதி குறையும்.

ரீஃபண்டை ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுத்துவிடலாமா? அதுதானே சுலபம்?

கூடாது. எந்த கார்டில் வந்ததோ அதே கார்டுக்கு, அதே மெஷின் அல்லது கேட்வே வழியாகத் திருப்புங்கள். 12,000 ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். அவர் வீட்டில் வேறொருவர் கார்டு பில்லைப் பார்த்து 'ரீஃபண்ட் வரவில்லை' என்று டிஸ்ப்யூட் போடுகிறார். கார்டுக்குப் பணம் திரும்பாததால் நெட்வொர்க் கண்ணில் அவர் சொல்வது சரி. நீங்கள் கொடுத்த ரொக்கத்துக்குக் கையெழுத்து வாங்கினீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள். மொத்தம் 24,000 போகும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. டிஸ்ப்யூட் ஏற்கெனவே வந்துவிட்டால் தனியாக ரீஃபண்ட் போடவே போடாதீர்கள். சமாதானமாகிவிட்டார் என்றால், சார்ஜ்பேக்கை ஒத்துக்கொண்டு விட்டுவிடுங்கள், அல்லது 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று அவர் தன் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகலை வாங்கி உங்கள் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள்.

நேர்மையான வாடிக்கையாளர்கூட ஏன் 'எனக்குத் தெரியாது' என்கிறார்?

கடைப் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு அப்பா காலத்து நிறுவனத்தின் பெயரில். மாதக் கடைசியில் கார்டு பில்லில் அந்தப் பழைய பெயரைப் பார்ப்பவர் 'இது யார்?' என்று வங்கிக்குப் போன் போடுகிறார். பில்லில் தெரியும் பெயரை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். செலவில்லாத வேலை, எனக்குத் தெரிந்து இதை விடப் பலன் தரும் காரியம் வேறு இல்லை.

போனில் கார்டு நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். 2022 அக்டோபர் 1-லிருந்து கார்டு கொடுத்த வங்கியும் நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழு நம்பரைச் சேமிக்கக் கூடாது. நோட்டில் எழுதி வைத்த நம்பர் நாளைக்கு எங்காவது மோசடிக்குப் பயன்பட்டால் விசாரணை உங்கள் கடையில்தான் தொடங்கும்.

தோற்றுவிட்டால் மேல்முறையீடு உண்டா?

உண்டு, நெட்வொர்க்கே தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன் வரை போகலாம். ஆனால் தோற்பவர் கட்டும் கட்டணமே பல நூறு டாலர். 8,000 ரூபாய்க்காக அங்கே போவது புத்திசாலித்தனம் இல்லை. வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் சார்ஜ்பேக் முடிவு உங்கள் வாயைக் கட்டிவிடாது. பில்லை வைத்து அவரிடம் நேரடியாகப் பணம் கேட்கலாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். உள்ளூர் ஆள் என்றால் நோட்டீஸிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

உங்கள் வங்கியே நீங்கள் அனுப்பிய ஆவணத்தை நெட்வொர்க்குக்கு அனுப்பாமல் காலம் கடத்தியிருந்தால் அது சேவைக் குறைபாடு. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அனுப்பிய தேதி தெரியும் மின்னஞ்சல் இருந்தால்தான் இது எடுபடும், போனில் சொன்னேன் என்பது எடுபடாது.

சார்ஜ்பேக்கில் பணம் போய்விட்டது. கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வருமா?

பொருள் திரும்பி வந்திருந்தால் கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட்டு வரியைக் குறைக்கலாம், அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்ட வேண்டும். பொருளும் போய்ப் பணமும் போயிருந்தால் ஜிஎஸ்டியில் வாராக்கடனுக்குச் சலுகை இல்லை. கொடுமைதான். வருமான வரிக் கணக்கில் வியாபார நஷ்டமாகக் காட்ட முடியுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஆவணத்தோடு போய்ப் பேசுங்கள்.

கார்டே வேண்டாம், யுபிஐ மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி போய்விடுமா?

கார்டு மாதிரிச் சார்ஜ்பேக் தொல்லை குறையும், வேறு ஒரு தலைவலி வரும். யாரோ ஒருவரிடம் ஏமாற்றிய பணத்திலிருந்து ஒருவன் உங்கள் கடையில் 300 ரூபாய்க்கு யுபிஐயில் டிபன் சாப்பிட்டிருப்பான். ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்ததும் பணம் போன வழியெல்லாம் தேடப்பட்டு, எங்கேயோ உள்ள சைபர் கிரைம் போலீஸ் கேட்டதன் பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படும். அந்த 300 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்தால் பரவாயில்லை, சில சமயம் முழுக் கணக்கையும் நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குக் காய்கறிக்காரருக்குக் கொடுக்கக்கூடக் கையில் இருக்காது. அப்படி நடந்தால் வங்கிக் கிளைக்குப் போய், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த நிலையத்துக்கு அன்றைய பில், கடை உரிமம், ஜிஎஸ்டி பதிவு எல்லாவற்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். இப்படி எதுவும் நடப்பதற்கு முன்பே வீட்டுச் செலவுக்கும் கடைக்கும் வேறு வேறு வங்கியில் கணக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.